1934 ஃபோர்டு செடானின் கூரை ஓட்டையை எதைக் கொண்டு மூடுவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: 1934 ஃபோர்டு டியூடர் (இரண்டு கதவு) செடான் ஒன்றை ஹாட் ராடாக, அதாவது தன் விருப்பப்படி மாற்றிக் கட்டிய பழைய காராக, மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். கூரையில் இருந்த துணியும் மரச் சட்டங்களும் மட்கிப்போனதால் எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டாகிவிட்டது. இப்போது நடுவில் பெரிய செவ்வக ஓட்டை. இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடிப்பதா, ஃபைபர்கிளாஸ் வாங்கி ஒட்டுவதா, பழையபடி துணியே போடுவதா? கையில் சிறிய மிக் வெல்டிங் மெஷின் (கம்பி தானாக ஓடிவரும் வகை) இருக்கிறது, வண்டிக்குப் பளபளக்கும் கறுப்பு அடிக்கப்போகிறீர்கள், மழையிலும் ஓட்டுவீர்கள். எந்தப் பொருள் நல்லது என்று கேட்டிருந்தாலும், எதைப் போட்டால் நெளியாமல் ஒழுகாமல் வீட்டிலேயே முடிக்கலாம் என்பதுதான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது ஓட்டையின் ஓரத்தை. நான்கு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய ஐந்து மீட்டர் வரும் அந்த ஓரம் எந்த நிலையில் இருக்கிறது, அதில் புதுக் கூரை எப்படிப் பிடிக்கப்போகிறது என்பதை வைத்தே மற்ற எல்லாம் முடிவாகும்.

அந்த ஓட்டை ஏன் வந்தது என்பதும் வேலைக்கு உதவும் விஷயம். 1930-களின் தொடக்கத்தில் ஒரு காரின் கூரை முழுவதையும் ஒரே துண்டாக அழுத்தி எடுக்கும் அளவுக்கு அகலமான தகடும் பிரஸ்ஸும் பரவலாக வரவில்லை. சுற்றிலும் இரும்பு, நடுவில் துணி என்பதுதான் வழக்கம். ஜெனரல் மோட்டார்ஸ் 1935 மாடல்களில் 'டரட் டாப்' என்ற பெயரில் முழு இரும்புக் கூரையைக் கொண்டுவந்தது. ஃபோர்டு செடான்களுக்கு அது 1937-இல்தான் வந்தது. ஆகவே உங்கள் வண்டியின் கூரையில் பாரம் தாங்குவது பக்க ரெயில்களும் (கதவுகளுக்கு மேலே ஓடும் இரும்பு) முன்பின் தலைப்பகுதிகளும் குறுக்குச் சட்டங்களும்தான். நடுவில் இருந்தது வெறும் மூடி. துணி போட்டால் வண்டியின் பலம் குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம், அது அப்படித்தான் கட்டப்பட்டது. தகட்டை வெல்டிங் அடித்தால் வண்டியின் உடம்பு முறுக்குவது குறையும், அது உண்மை. ஆனால் ஒரு மில்லிமீட்டர் தகட்டை ரோல் கேஜ் (வண்டி உருண்டால் காக்கும் குழாய்க் கூண்டு) என்று நினைத்துக்கொள்ளவும் கூடாது.

இப்போது ஓரம். ஓட்டையைச் சுற்றி ஒரு பள்ளமான படி இருக்கும். துணியை ஆணியடித்துப் பிடித்திருந்த பட்டை அதில்தான் உட்கார்ந்திருந்தது. அந்தப் பட்டை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சாதி. தொண்ணூறு வருட மழைநீர் தங்கியிருந்த இடம் அது. மேலே பெயின்ட் நன்றாக இருந்தாலும் படியின் அடியில் துரு தின்றிருக்கும், குறிப்பாகப் பின்பக்க இரண்டு மூலைகளிலும். கம்பி பிரஷ் போட்டு வெறும் இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்து, கூரான ஸ்க்ரைபரால் (கோடு கீறும் இரும்பு ஊசி) அரை அடிக்கு ஒருமுறை குத்திப் பாருங்கள். குத்தியது உள்ளே இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி, எல் வடிவத்தில் மடித்த புதுத் தகடு வைத்துத்தான் ஆக வேண்டும். எந்தக் கூரை போட்டாலும் இந்த வேலை உண்டு. பிறகு மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் இடையில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உடம்பு கோணியிருக்கிறது. கதவுகளை மாட்டி, இடைவெளி சரியாக வரும்வரை சேசிஸ் மவுன்டுகளில் (உடம்பு அடிச்சட்டத்தில் உட்காரும் இடங்களில்) தகடு வைத்துச் சரிசெய்த பிறகே கூரையைத் தொட வேண்டும். கோணிய நிலையில் தகட்டை வெல்டிங் அடித்தால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். கூரையை வெட்டித் தாழ்த்தும் யோசனை இருந்தால் அதுவும் முதலிலேயே முடிய வேண்டும். தூண்கள் சாய்வானவை என்பதால் வெட்டி இறக்கும்போது கூரையின் நீளமே மாறிவிடும்; அதற்கு முன் வாங்கிய எந்த இன்செர்ட்டும் (ஓட்டையை மூடும் தகடு) பிறகு பொருந்தாது.

இரும்புத் தகடு வெல்டிங்தான் ஹாட் ராட் உலகில் அதிகம் பேசப்படுவது, அதிகம் கெடுக்கப்படுவதும் அதுதான். கெடுவதற்குக் காரணம் எளிது. கூரை நீளவாட்டிலும் வளைகிறது, அகலவாட்டிலும் வளைகிறது. தட்டையான தகட்டை ஒரு பக்கமாக வளைக்கலாம், இரண்டு பக்கமும் வளைக்க முடியாது. நடுவில் உலோகத்தை இழுத்து நீட்டினால்தான் அந்த வயிறு வரும். இங்கிலீஷ் வீல் (இரு உருளைகளுக்கு நடுவே தகட்டை நீட்டி வளைக்கும் கருவி) இல்லாதவர்கள் தட்டையான தகட்டையே வெட்டி வைத்து, வெல்டிங் பிடித்தபின் தட்டி வளைவு கொண்டுவரலாம் என்று நினைக்கிறார்கள். நடப்பது என்னவென்றால், ஒவ்வொரு வெல்டிங் புள்ளியும் ஆறும்போது சுருங்கி ஓரத்தை உள்ளே இழுக்கும். ஓரம் சுருங்கினால் நடுவில் தகடு மிச்சமாகும். மிச்சத் தகடு எங்கே போவது என்று தெரியாமல் மேலும் கீழும் ஆடும். பழைய எண்ணெய் டின்னின் அடியை விரலால் அழுத்தினால் 'டப்'பென்று உள்ளே போய் 'டப்'பென்று திரும்புமே, அதே சத்தம் ஒவ்வொரு பள்ளத்திலும் கேட்கும். அதன்மேல் பட்டி பூசி மட்டம் பார்த்தால் ஒரே கோடையில் பட்டி விரிந்துவிடும்.

இதைத் தவிர்க்க, வளைவு ஏற்கெனவே உள்ள தகட்டிலிருந்து தொடங்குங்கள். இந்த மாடல்களுக்கென்றே வளைத்து அழுத்திய இன்செர்ட்கள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. அந்தக் காலத்தில் ஹாட் ராட் கட்டியவர்கள் கையாண்ட வழி, ஸ்டேஷன் வேகன் கூரையின் நடுப்பகுதியை வெட்டி எடுப்பது. நீளமான, மெதுவான வளைவு அதில் இருக்கும். வாங்குமுன் உங்கள் வண்டியின் முன் ஓரத்திலிருந்து பின் ஓரம்வரை வளையும் மெல்லிய மரச்சட்டம் ஒன்றை வைத்து, அது காட்டும் வளைவை அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். அகலவாட்டில் மூன்று இடங்களில் அதேபோல. அந்த அட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு பழைய வண்டிக் கிடங்குக்குப் போனால் அரை மணி நேரத்தில் பொருத்தமான கூரை தெரிந்துவிடும். நான்கு பக்கமும் 50 மி.மீ. கூடுதலாக வெட்டி வாருங்கள். வரிவரியாக மேடு உள்ள வேன் கூரையையும் சிலர் வைக்கிறார்கள். அந்த மேடுகள் தகட்டுக்கு விறைப்பு தருவதால் ஆடாது, நெளிவும் கண்ணில் படாது. 1934 வண்டிக்கு அது பொருந்துகிறதா என்பது அவரவர் ரசனை. என் கண்ணுக்குப் பால் வண்டி போலத் தெரியும்.

தடிமன் 0.9-லிருந்து 1.2 மி.மீ. வரை, அதாவது 20-லிருந்து 18 கேஜ் வரை போதும். 1.2 மி.மீ. தகடு ஒன்றரைச் சதுர மீட்டருக்குச் சுமார் 14 கிலோ, 0.9 மி.மீ. என்றால் 10 கிலோவைத் தாண்டி. மெல்லியது எளிதில் ஓட்டையாகும், தடித்தது தட்டி எடுக்கக் கஷ்டம், புதியவருக்கு 1.2 தான் பாதுகாப்பு. வெல்டிங் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் பாதி வெற்றி. கூரையின் தட்டையான நடுப்பகுதிக்கு அருகே விழுந்தால் நெளியும், பக்க ரெயிலின் அழுத்தமான வளைவை ஒட்டி விழுந்தால் அந்த வளைவே சுருக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். அதனால் சிலர் படியை முழுக்க வெட்டி நீக்கி, வளைவு தொடங்கும் இடத்திலேயே முகத்துக்கு முகம் இணைக்கிறார்கள். நல்ல முறைதான், ஆனால் திரும்பி வர வழியில்லை.

மிக் மெஷினில் 0.6 மி.மீ. கம்பி போடுங்கள். இணைப்பில் இடைவெளியும் கம்பியின் தடிமன் அளவே இருக்கட்டும். நான்கு பக்கங்களின் நடுவில் முதல் புள்ளிகள், பிறகு எதிரெதிராக மூலைகளை நோக்கி. 25 மி.மீ.க்கு ஒரு புள்ளி வந்ததும் நிறுத்திவிட்டு மட்டம் பாருங்கள். அதன்பின் இடைவெளிகளை ஒவ்வொரு புள்ளியாக நிரப்ப வேண்டும். கோடாக இழுக்கவே கூடாது. புள்ளி ஒன்று 6 மி.மீ. என்றால் ஐந்து மீட்டருக்கு எண்ணூறுக்கு மேல் வரும். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் ஆற விட்டாலும் ஏழு மணி நேரம். தட்டுவதும் தேய்ப்பதும் தனிக் கணக்கு. இந்தப் பொறுமை இல்லாமல் ஒரே மாலையில் முடித்த கூரைகள்தான் அலை அலையாக நிற்பவை. ஒவ்வொரு நான்கைந்து புள்ளிக்கும் கீழே டாலி (தட்டும்போது அடியில் தாங்கும் இரும்புக் கட்டி) பிடித்து, புள்ளியின் தலையில் நேராகச் சுத்தியலால் தட்டினால் சுருங்கிய உலோகம் கொஞ்சம் நீளும். மிக் வெல்டிங் கெட்டியானது, தட்டினால் அவ்வளவு நீளாது; டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையால் செய்வது) மென்மையானது, நீளும். நல்ல டிங்கரிங் பட்டறைகள் கூரைக்கு டிக் எடுப்பதன் காரணம் அதுதான். ஈரத்துணியால் ஆற வைக்கலாமா என்பதில் கைதேர்ந்தவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. திடீரென்று குளிர்த்தினால் கெடுதல் வரலாம், தானாக ஆற விட்டால் எந்தக் கெடுதலும் இல்லை என்பதால் நான் இரண்டாவது கட்சி. கிரைண்டர் தேய்ப்பும் சூடுதான் என்பதை மறக்காதீர்கள். ஒரே இடத்தில் பத்து விநாடி நின்றால் வெல்டிங் செய்யாத நெளிவைத் தேய்ப்பு செய்துவிடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றி, மிச்சம் மரச் சட்டம் ஏதாவது இருந்தால் வெளியே எடுத்து, கண்ணாடிகளைக் கனமான போர்வையால் மூடிவிடுங்கள். கிரைண்டர் பொறி கண்ணாடியில் பட்டால் அது பதிந்த புள்ளி போகாது.

வெல்டிங்குக்குப் பதில் படியின் மேல் தகட்டை வைத்து இரண்டு பாக எபாக்ஸி பசையால் ஒட்டும் முறையும் உண்டு. சூடே இல்லாததால் நெளிவு இல்லை. ஒட்டும் பரப்பு குறைந்தது 20 மி.மீ. அகலம் இருக்க வேண்டும், இரண்டு முகமும் வெறும் இரும்பாகத் தேய்க்கப்பட்டிருக்க வேண்டும், பசையை முழுக்கப் பிதுக்கி வெளியேற்றும் அளவுக்குக் கிளாம்பை இறுக்கக் கூடாது. வேலை நேரமும் காயும் நேரமும் பசைக்குப் பசை மாறும்; டப்பாவில் உள்ளதுதான் சட்டம். இணைப்பு பிடிக்குமா என்பதில் சந்தேகமே வேண்டாம், பிடிக்கும். சந்தேகம் தோற்றத்தில்தான். ஓரத்தைப் பட்டி வைத்து மறைத்துப் பெயின்ட் அடித்தால், வெயிலில் பசையும் இரும்பும் வேறு வேறு அளவில் விரிவதால் இணைப்புக் கோடு மெல்லிய நிழலாக மேலே தெரிய வாய்ப்புண்டு. வெள்ளையில் தெரியாமல் போகலாம். நீங்கள் அடிக்கப்போவது கறுப்பு, அதுவும் பளபளப்பு. கோட்டை மறைக்கப் போராடாமல், அதன் மேல் ஒரு மோல்டிங் (ஓரத்தை மறைக்கும் பட்டை) வைத்துவிடுவதென்றால் பசை முறை மிக நல்லது.

ஃபைபர்கிளாஸையும் அலுமினியத்தையும் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இரண்டுக்கும் குறை ஒன்றே. ஒன்றரை மீட்டர் நீளத் துண்டு இரவிலிருந்து நண்பகல் வெயிலுக்குள் 50 டிகிரி சூடேறினால், இரும்பு சுமார் 0.9 மி.மீ. நீளும், அலுமினியம் 1.7 மி.மீ. நீளும், சாதாரண பாலியெஸ்டர் ஃபைபர்கிளாஸ் அலுமினியத்தை ஒட்டியோ சற்றுக் கூடவோ. கேட்க அற்ப வித்தியாசம். ஆனால் அதை இறுக்கமாக ஒட்டி மேலே பட்டி பூசினால், தினமும் ஒரு முறை அந்த வித்தியாசம் இணைப்பை இழுத்துப் பார்க்கும். சில பருவங்களில் முடிபோல விரிசல் ஓடும். இறுகாத யூரிதேன் பசையில், மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையாமல், ஓரக் கோடு வெளியே தெரியும்படி வைத்தால் இரண்டும் பல வருடம் நிற்கும். அலுமினியத்துக்கு இன்னொன்று: இரும்போடு நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அரிக்கும். நடுவில் எபாக்ஸி பிரைமர் படலம் கட்டாயம்.

துணிக்கூரையைப் பழையவர்களின் பிடிவாதம் என்று ஒதுக்குகிறார்கள். ஆனால் இதுவரை சொன்னவற்றில், வீட்டில் ஒருவர் தனியாகச் செய்து, தவறினால் பிரித்து மறுபடி செய்யக்கூடிய முறை இது ஒன்றுதான். அடுக்கு கீழிருந்து மேலாக: குறுக்கு மரச் சட்டங்கள், அதன் மேல் இழுத்துக் கட்டிய கோழி வலை, பஞ்சுப் படுகை, அதை மூடும் காடாத் துணி, எல்லாவற்றுக்கும் மேலே மணல் மணலான மேற்பரப்புள்ள கறுப்பு ரெக்சின். கூரைக்கென்று விற்கும் ரெக்சின் 54, 60 அங்குல அகலங்களில் வருவதால் நடுவில் தையல் இல்லாமல் முடித்துவிடலாம். சாதாரண சீட் ரெக்சின் வேண்டாம், வெயிலில் இரண்டு வருடத்தில் இறுகி வெடிக்கும். படியில் பழைய பட்டைக்குப் பதில் தண்ணீர் குடிக்காத பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பட்டை வையுங்கள். பிளைவுட் வைத்தால் பழைய கதைதான். சட்டங்கள் ஓரத்தை விடக் கொஞ்சம் உயர்ந்து, நடுச் சட்டம் எல்லாவற்றையும் விட உயர்ந்து நிற்க வேண்டும். இது தவறினால் தண்ணீர் நடுவில் குளமாக நிற்கும்.

இழுப்பதற்கு வெயில் நாள் பாருங்கள், ரெக்சினை ஒரு மணி நேரம் வெயிலில் விரித்து வைத்தால் இளகிக் கொடுக்கும். நான்கு பக்கமும் 80 மி.மீ. விட்டு வெட்டுங்கள். முன் ஓரத்தின் நடுவில் நான்கு ஆணி, பிறகு பின் ஓரத்தின் நடுவில் இழுத்து நான்கு, பிறகு பக்கங்களின் நடுவில். அங்கிருந்து மூலைகளை நோக்கி இரண்டு பக்கமும் மாறி மாறி, முதலில் ஆணியைப் பாதி மட்டும் அடித்து. எல்லாம் இறுக்கமாகி, கையால் தடவினால் சுருக்கம் தட்டவில்லை என்ற பிறகே முழுக்க அடிக்க வேண்டும். மூலையில் சேரும் துணியைச் சிறு சிறு மடிப்பாக விசிறி போலப் பிரித்து அடியுங்கள். ஒரே பெரிய மடிப்பாக விட்டால் மோல்டிங் அங்கே உட்காராது, தண்ணீர் அங்கேதான் நுழையும். ஆணிக்கு ஆணி 25 மி.மீ., துருப்பிடிக்காத ஆணி, பட்டையின் கனத்தைத் தாண்டாத நீளம். மிச்சத்தை வெட்டிவிட்டு ஆணித் தலைகளின் மேல் பியூட்டைல் (இறுகாத ஒட்டும் ரப்பர்) சீலன்ட் ஓட்டி, அதன்மேல் அலுமினிய மோல்டிங். சிலிக்கானைத் தயவுசெய்து அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். எதிர்காலத்தில் அந்த ஓரத்தில் பெயின்ட் அடிக்க நேர்ந்தால் மீன்கண் போலச் சிறு வட்டக் குழிகளாகப் பிரியும், சுத்தம் செய்யவும் முடியாது.

கோழி வலையைப் பற்றி ஒரு வார்த்தை. 1930-களில் கார் ரேடியோவுக்கு அந்த வலைதான் ஏரியல். உடம்பு இரும்பைத் தொடாமல் சுற்றிலும் இடம் விட்டு, ஒரு மூலையிலிருந்து ஒயர் இறக்கினார்கள். இரும்புக் கூரை வந்ததும் அந்த வசதி போய், ஏரியல் கால்படிக்கு அடியில் எல்லாம் ஒளிய நேர்ந்தது. வெளியே கம்பி நீட்டாமல் ரேடியோ கேட்க ஆசை என்றால் துணிக்கூரைக்கு இதுவும் ஒரு சாக்கு.

உங்கள் நிலைமைக்கு என் பரிந்துரை இரும்புக்கும் துணிக்கும் நடுவில் இருக்கிறது. படி உறுதியாக இருந்தால் அதை வெட்டாதீர்கள். வளைவுள்ள இரும்புத் தகட்டை படிக்குள் அடங்கும் அளவுக்கு, ஓரத்தைச் சுற்றி 3 மி.மீ. இடைவெளி விட்டு வெட்டுங்கள். அதன் அடியில் 100 மி.மீ.க்கு ஒன்றாக 5 மி.மீ. போல்ட்களை வெல்டிங் புள்ளியால் பிடித்து, படியில் துளையிட்டு, பியூட்டைல் பட்டையின் மேல் உட்கார வைத்து கீழிருந்து நட் போடுங்கள். தகட்டின் மேல் 3 மி.மீ. மூடிய துளை ஃபோம் (தண்ணீர் குடிக்காத வகை), அதற்கு மேல் ரெக்சினை ஒட்டி ஓரத்தை அடியில் மடித்துவிடுங்கள். வெளியே பார்த்தால் பழைய துணிக்கூரை, தட்டினால் இரும்பு. நெளிவு வந்தாலும் ஃபோமும் ரெக்சினும் மறைக்கும், பளபளக் கறுப்பு சுற்றியிருக்கும் பழைய இரும்பில் மட்டும்தான் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் நட்டைக் கழற்றி வேறு ஏதாவது செய்யலாம். படியே துருவில் போய்விட்டதென்றால் கணக்கு மாறும்: அங்கே எப்படியும் வெட்டி வெல்டிங் அடிக்கத்தான் வேண்டும், எனவே வளைத்த தகட்டை வாங்கி, டிக் தெரிந்த ஒருவரிடம் கூரையை மட்டும் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். படத்தை வைத்து இதை யாரும் சொல்ல முடியாது, ஸ்க்ரைபரால் குத்திப் பார்த்த உங்களுக்குத்தான் தெரியும்.

இரும்பு எந்த வகையில் வந்தாலும் மூன்று விஷயங்கள் கூடவே வரும். முதலாவது உட்கூரைத் துணி. அந்தக் கால செடானில் அது குறுக்கு மரச் சட்டங்களில் ஆணியடிக்கப்பட்டது. 'இனி மரம் எதற்கு' என்று மட்கிய சட்டங்களுக்குப் பதில் எதுவும் வைக்காமல் விட்டால் கடைசியில் குஷன் வேலைக்காரர் ஆணியடிக்க இடமில்லாமல் நிற்பார். புது மரச் சட்டங்களே வையுங்கள், அல்லது 25 மி.மீ. சதுரக் குழாயில் சட்டம் செய்து அடியில் மரப்பட்டை பதியுங்கள். அந்தச் சட்டங்கள் தகட்டைத் தொடக் கூடாது, 5 மி.மீ. விட்டு, நடுவில் சீலன்ட் கட்டிகள் வைத்தால் தகடு ஆடாது, மேலே தடமும் விழாது. இரண்டாவது சத்தம். விறைப்பில்லாத தகடு நெடுஞ்சாலையில் பறை போல அதிரும். பியூட்டைல் டேம்பிங் ஷீட்டைப் பரப்பில் பாதிக்குள் ஒட்டினாலே அதிர்வு அடங்கும், முழுக்க ஒட்டுவது பணத்துக்கும் எடைக்கும்தான் கேடு. மூன்றாவது வெயில். அதற்கு டேம்பிங் ஷீட் உதவாது, 10 மி.மீ. மூடிய துளை ஃபோம் தனியாக வேண்டும். இரண்டும் சேர்ந்து தலைக்கு மேல் எவ்வளவு இடம் தின்னும் என்பதை சீட்டில் உட்கார்ந்து அளந்துவிட்டு வாங்குங்கள்.

உட்கூரைத் துணி போடுமுன் தண்ணீர் சோதனை. ஹோஸை வேகமில்லாமல், முதலில் பின் ஓரத்தில் மட்டும் பத்து நிமிடம், பிறகு பக்கங்கள், கடைசியாக முன் ஓரம். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் பாய்ச்சினால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும். சொட்டு விழும் இடத்தைப் பார்த்து ஏமாறாமல், தண்ணீர் தடத்தைப் படிவரை மேலே தேடிப் போக வேண்டும். சட்டத்தின் வழியாக இரண்டடி ஓடி வந்துகூடச் சொட்டும்.